மைக்குக்கு இந்தப் பக்கம்

போன இதழில் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, உள்ளூர்ப் பொது வானொலியில் அக்கம்பக்கத்து மனிதர்களின் கதைகளை வைத்து வாரம் ஒரு பேச்சு நிகழ்ச்சியை 22 வருடம் தயாரித்தேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். கேட்ட கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வந்த கடிதங்கள் முழுக்க அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சரி, இந்த இதழ் அதற்கே.

*கேள்வி: புதிதாகத் தொடங்கிய ஒரு உள்ளூர் வானொலியில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன். சாதாரண மனிதர்களின் கதைகளை ஒலிபரப்ப வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஆனால் யாரைக் கேட்டாலும், "என்கிட்ட என்ன கதை இருக்கு, நீங்க வேற" என்கிறார்கள். ஆட்களை எப்படிப் பிடிப்பது, மேடம்? – கல்லூரி மாணவர்*

பதில்: அவர்கள் பொய் சொல்லவில்லை, தம்பி. 'கதை' என்று நீங்கள் கேட்டதுமே, போரிலிருந்து தப்பியது, தீயில் குதித்துக் குழந்தையைக் காப்பாற்றியது என்று ஏதேதோ அவர்கள் மனதில் ஓடுகிறது. அப்படி எதுவும் தன்னிடம் இல்லை என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறார்கள். முதலில் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். நான் யாரிடமும் கதை கேட்டதில்லை. வேலையைப் பற்றிக் கேட்பேன். அதிலும் "உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்" என்று கேட்க மாட்டேன். அதற்கு வாழ்த்துரை மாதிரிதான் பதில் வரும்.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்தார். 31 வருட சர்வீஸ். நான் சேர்ந்த புதிது. "இந்தப் பணியில் உங்களை மிகவும் நெகிழவைத்த தருணம்?" என்று கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. அவர் நேராக உட்கார்ந்து, மக்கள் சேவை, கடமை, மேலதிகாரிகளின் ஒத்துழைப்பு என்று 20 நிமிடம் பேசினார். ஒரு வரிகூடத் தேறவில்லை. பதிவு முடிந்து, அவர் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றும்போது சும்மா பேச்சுக்குக் கேட்டேன்: "எந்த வீட்டுக் கேட் திறக்கக் கஷ்டம்?" சிரித்தார். "நீலக் கேட்டுங்க. ஆனா அதைத் திறக்கவே வேண்டியதில்லை. அந்தம்மாவே வெளியே நிக்கும்." அந்த அம்மாவுக்குக் கடிதமே வராதாம். ஆனாலும் தினமும் அதே நேரத்துக்குக் கேட்டருகே வந்து நிற்பார். இவர் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, "இன்னைக்கு இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். 6 வருடம். ஒருமுறை இவர் விடுப்பில் போயிருந்தபோது, மாற்று ஆள் நிற்காமலே போய்விட்டார். இவர் திரும்பி வந்ததும் அந்த அம்மா கேட்ட கேள்வி: "நேத்து இருந்துதா இல்லையான்னு சொல்லவே இல்லையே?"

பாதி கழற்றிய மைக்கை மறுபடியும் மாட்டினேன்.

அன்றிலிருந்து என் முதல் கேள்வி எப்போதும் கையால் தொடக்கூடிய ஒரு பொருளைப் பற்றியதாகவே இருக்கும். கேட், சாவிக்கொத்து, பேருந்தின் கடைசி இருக்கை, நூலகத்தில் திரும்பி வராத புத்தகம். பொருளைக் கேட்டால் மனிதர்கள் தானாக வந்துவிடுவார்கள்.

ஆட்களை எங்கே தேடுவது என்றால், பிரமுகர் பட்டியலில் தேடாதீர்கள். ஒரு நாளில் நிறையப் பேரைப் பார்க்கிறவர்களாகத் தேடுங்கள். டிக்கெட் கவுண்டரில் இருப்பவர், முடிதிருத்துபவர், இரவுக் காவலாளி, சைக்கிள் பழுது பார்ப்பவர், பள்ளி வாசலில் குழந்தைகளைச் சாலை கடக்க வைப்பவர். பேசி முடித்ததும் ஒவ்வொருவரிடமும், "அடுத்து நான் யாரைப் பார்க்கணும்?" என்று கேளுங்கள். எங்களுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அந்தக் கேள்வியால் வந்தவர்கள்தான்.

பதிவுக்கு முன் தொலைபேசியில் 20 நிமிடம் பேசிவிடுவது நல்லது. ஆனால் சூடுபிடிக்கிற இடம் வந்ததும், "இதை ஸ்டூடியோவில் கேட்டுக்கறேன்" என்று நிறுத்திவிடுங்கள். போனிலேயே முழுவதும் சொல்லிவிட்டால், மைக் முன்னால் "அதான் அன்னைக்கே சொன்னேனே" என்று ஆரம்பிப்பார்கள். அதற்கப்புறம் பழைய சுவை வராது.

*கேள்வி: வெளியே கலகலவென்று பேசுகிறவர்கள், சிவப்பு விளக்கு எரிந்ததும் மேடைப் பேச்சாளர் ஆகிவிடுகிறார்கள், அல்லது ஊமையாகிவிடுகிறார்கள். இதற்கு என்ன செய்வீர்கள்? – பகுதிநேரத் தொகுப்பாளர்*

பதில்: நேரலையாக இல்லாவிட்டால் அந்த விளக்கைப் போடாதீர்கள். விருந்தினர் கதவைத் திறந்து உள்ளே வரும்போதே எங்கள் பதிவு ஓடிக்கொண்டிருக்கும். அதை அவரிடம் சொல்லியும்விடுவோம்: "மைக் ஆன்ல இருக்கு. நாம பாட்டுக்குப் பேசிட்டிருப்போம், வேண்டாததை அப்புறம் எடுத்துடலாம்." ஒளித்துவைத்துப் பதிவு செய்வது வேறு, எப்போது தொடங்கியது என்று தெரியாமல் தொடங்குவது வேறு. முதலாவதை ஒருநாளும் செய்யாதீர்கள்.

அமெரிக்காவில் ஸ்டட்ஸ் டெர்க்கல் என்று ஒருவர், சிகாகோ நகரின் டபிள்யூஎஃப்எம்டி வானொலியில் 1952 முதல் 1997 வரை 45 வருடம் பேட்டி எடுத்தவர். டேப் ரெக்கார்டரை ஒழுங்காக இயக்கத் தெரியாதவன் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வார். அது ஓடவில்லை என்று எதிரில் இருப்பவர் சுட்டிக்காட்டி, உதவிக்கு வருவாராம். உதவி செய்கிறவருக்குப் பயம் இருக்காது அல்லவா? எனக்கு அப்படித் தடுமாற வராது. அதனால் வேறு ஒரு வழி வைத்திருந்தேன். என் கேள்வித்தாளை விருந்தினர் பார்க்கும்படி மடித்துப் பைக்குள் வைத்துவிடுவேன். தேர்வு முடிந்த மாதிரி தோள் இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

கையில் ஏதாவது இருந்தால் பேச்சு வரும் என்று சிலருக்குப் பேனா கொடுப்பார்கள். கொடுக்காதீர்கள். அழுத்தித் திறக்கும் பேனா என்றால் அவ்வளவுதான், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'டிக்'. வளையல், சாவிக்கொத்து, மேசையைத் தட்டும் விரல், எல்லாம் இதே ரகம். மேசைமேல் ஒரு தடித்த துணியை விரித்துவிடுங்கள், பாதித் தொல்லை போய்விடும்.

*கேள்வி: எங்களிடம் ஸ்டூடியோ இல்லை. செல்போனில் பதிவு செய்தால் போதுமா? – ஒரு வாசகி*

பதில்: போதும். இன்றைய செல்போன் மைக் மோசமில்லை. தூரம்தான் மோசம். மேசையில் போனை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தால், குரலோடு அறையும் சேர்ந்து பேசும். வாய்க்கும் மைக்குக்கும் நடுவே ஒரு சாண், அதற்கு மேல் வேண்டாம். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடுகிறது, எதிரொலியோ கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கிறது. எந்த விலையுயர்ந்த கருவியும் இந்த வித்தையைச் செய்து தராது. வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். 'ப'வும் 'ஃப'வும் காற்றாக வந்து இடிக்காது. அளவுகாட்டியில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கட்டும். யாராவது திடீரென்று சிரித்தாலும் கிழியாது.

ஃபிரிட்ஜை அணைத்துவிடுங்கள். அதன் உறுமல் நம் காதுக்குப் பழகிவிட்டது, மைக்குக்குப் பழகவில்லை. அணைத்ததை மறந்துவிட்டுப் போகாமலிருக்க, உங்கள் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், ஒலிப்பதிவாளர்கள் பல பேர் செய்கிற காரியம் இது.

கிளம்பும் முன், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு 30 விநாடி வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். அந்த அறையின் 'அமைதி' உங்களுக்குப் பிறகு தேவைப்படும். வெட்டிய இடத்தில் ஒட்டுப் போட வேறு துணி கிடையாது.

*கேள்வி: நேரலையில் நேயர்களின் அழைப்பை எடுக்கலாம் என்று எங்கள் நிலையத்தில் பேச்சு. யாராவது ஏடாகூடமாகப் பேசிவிட்டால்? – நிலைய ஒருங்கிணைப்பாளர்*

பதில்: பேசுவார்கள். அதற்குத்தான் தாமதக் கருவி இருக்கிறது. ஸ்டூடியோவில் பேசுவதைச் சில விநாடிகள் பிடித்து வைத்துக்கொண்டு, அப்புறம்தான் வெளியே விடும். எங்களுடையது 8 விநாடி. வேண்டாத பேச்சு வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். கையிருப்பில் உள்ள 8 விநாடியும் வெளியே போகாமல் மறைந்துவிடும். அப்புறம் அந்தக் கருவி, பேச்சை நம் காதுக்குத் தெரியாத அளவு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நீட்டி, மறுபடியும் 8 விநாடி சேர்த்துக்கொள்ளும். சேமித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது ஆள் ஆரம்பித்தால் உங்கள் பாடு திண்டாட்டம்.

கெட்ட வார்த்தை பெரிய ஆபத்து இல்லை. அதைக் கேட்டதும் கை தானாகப் பொத்தானுக்குப் போய்விடும். ஆபத்து, அமைதியான குரலில் வரும். ஒருமுறை வாடகை வீட்டுச் சிரமங்கள் பற்றிய நிகழ்ச்சி. நயமாகப் பேசிய ஒருவர், தன் வீட்டுக்காரரின் பெயர், அவர் கடை இருக்கும் இடம், அவர் முன்பணத்தைத் தராமல் ஏமாற்றியது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். குரலில் ஒரு கோபமும் இல்லை. நானும் சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டு விநாடி போனதே தெரியவில்லை. அந்த வீட்டுக்காரர் 10 நிமிடத்தில் நிலைய வாசலில் நின்றார். அவருக்கும் பேச நேரம் கொடுத்தோம், மன்னிப்பும் கேட்டோம். பெரிய வானொலியில் வக்கீல் நோட்டீஸ் வரும். உள்ளூர் வானொலியில் ஆளே வந்துவிடுவார்.

ஆகவே பொத்தானைவிட, அழைப்பை முதலில் எடுக்கிற ஆள் முக்கியம். நிதானமான ஒருவரைப் போடுங்கள். மூன்று விஷயம் போதும்: என்ன சொல்லப்போகிறார், அது அவருக்கே நடந்ததா, அதில் வேறு யார் பெயராவது வருகிறதா. நேயரின் பெயரை இரண்டு தடவை கேட்டு எழுதச் சொல்லுங்கள். பழைய தொலைபேசித் தடம் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண் உள்ள ஒலிகளைத்தான் கடத்தும். 'ஸ'வுக்கும் 'ஃப'வுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. என் தொகுப்பாளர் ஒரு பெண் நேயரை நிகழ்ச்சி முழுக்க வேறு பெயரில் அழைத்தார். அந்த அம்மா மரியாதைக்காகத் திருத்தவே இல்லை.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். நேயரை முதலில் தன் வீட்டு ரேடியோவை அணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 8 விநாடிக்கு முந்தைய தன் குரலைக் கேட்டு, பேச்சு தடுமாறி நின்றுவிடுவார். அதேபோல் அவர் காதுக்கு அனுப்பும் ஒலியில் அவர் குரல் மட்டும் இருக்கக் கூடாது, மற்ற எல்லாம் இருக்கலாம். இதை உங்கள் பொறியாளரிடம் சொன்னால், 'மிக்ஸ் மைனஸ்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இரண்டு ஒயரை மாற்றுவார்.

*கேள்வி: பேசுகிறவர்களின் 'ம்', 'வந்து', 'அதாவது' எல்லாவற்றையும் வெட்டுவதில் என் இரவுகள் போகின்றன. எவ்வளவு வெட்டலாம்? – எடிட்டிங் கற்றுக்கொள்பவர்*

பதில்: கேட்கிறவரைத் தடுக்கிற 'வந்து'வை வெட்டுங்கள். பேசுகிறவர் யோசிக்கிற 'வந்து'வை விட்டுவிடுங்கள். எது எது என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள் என்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது. திரையில் அலைவடிவத்தைப் பார்த்துக்கொண்டு வெட்டினால் எல்லா இடைவெளியும் வெறும் கோடாகத்தான் தெரியும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் தம்பி இருவர், ஒரே தெருவில் இருந்துகொண்டே பல வருடம் பேசாமல் இருந்தவர்கள். அண்ணன் இறந்த பிறகு தம்பி எங்களிடம் வந்தார். "நீங்க ஏன் முதல்ல பேசல?" என்று தொகுப்பாளர் கேட்டார். பதில் வரவில்லை. பிறகு, "பேசியிருக்கலாம்" என்று ஒரே சொல். நடுவில் 11 விநாடி. வானொலியில் 11 விநாடி மௌனம் என்றால், நேயர்கள் நிலையம் படுத்துவிட்டது என்று நினைப்பார்கள், கட்டுப்பாட்டு அறையில் போன் அடிக்கும். நான் அதை 2 விநாடியாக்கினேன். நேர்த்தியான வெட்டு. யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஒலிபரப்பு முடிந்த மறுநாள் தம்பியின் மனைவி போன் செய்தார். திட்டவில்லை. "நல்லா இருந்துச்சும்மா. ஆனா அவர் கேட்டதும் பட்டுன்னு பதில் சொல்லிட்ட மாதிரி இருக்கு. அவர் அப்படிச் சொல்லக்கூடிய ஆளில்லை" என்றார். நான் மூலப் பதிவை எடுத்து மறுபடியும் கேட்டேன். அந்த 11 விநாடியில் நாற்காலி ஒருமுறை கிறீச்சிடுகிறது. அவர் மூச்சை இழுக்கிறார், பேசாமல் விடுகிறார், மறுபடியும் இழுக்கிறார். பதில் முழுக்க அங்கேதான் இருந்தது. நான் ஒலிபரப்பியது அதன் வாலை மட்டும்.

அதற்கப்புறம் நீண்ட மௌனம் வந்தால் 5 விநாடிக்காவது விட்டுவைத்தேன். அதில் ஒரு கிறீச்சோ மூச்சோ இருந்தால் முழுவதையும் விட்டேன். நிலையம் படுத்துவிட்டதா என்று போன் வந்தால் வரட்டும்.

இன்னொன்று. ஒருவர் சொன்ன வரிசையை மாற்றி ஒட்டலாம், நீளத்தைக் குறைக்கலாம். ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை வேறு கேள்விக்கு ஒட்டக் கூடாது. அது எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் சரி.

*கேள்வி: பேட்டி கொடுத்த ஒருவர், ஒலிபரப்புக்கு முதல் நாள், "அதைப் போடாதீங்க" என்கிறார். கையெழுத்துப் போட்டுத்தான் பேசினார். என்ன செய்வது? – மூத்த வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்*

பதில்: ஐயா, சட்டப்படி உங்கள் கையில் தாள் இருக்கிறது. ஆனால் நாளைக் காலை அவர் அதே தெருவில் நடக்க வேண்டும், நீங்களும் நடக்க வேண்டும். அரசியல்வாதியோ அதிகாரியோ தன் பொறுப்பைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற முடியாது. அதில் நான் இறங்கி வந்ததில்லை. தன் சொந்த வாழ்க்கையைச் சொன்ன ஒரு சாதாரண மனிதர் வேண்டாம் என்றால், காரணம்கூடக் கேட்காமல் எடுத்துவிடுவேன். பெரும்பாலும் அவர்களுக்கு உறுத்துவது முழுக் கதையும் அல்ல, ஒரே ஒரு வரிதான். "எந்த இடம் உறுத்துது?" என்று கேட்டால், அதை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றலாம்.

முழு நிகழ்ச்சியை முன்கூட்டி அனுப்பி ஒப்புதல் வாங்குவதை நான் செய்ததில்லை. பெரும்பாலோருக்குத் தன் குரல் பிடிக்காது. அதைக் கேட்டதும் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார்கள். ஆனால் சங்கடமான பகுதி இருந்தால், போனில் அதை மட்டும் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. தாளில் கையெழுத்துப் போடாத ஆட்கள். முதல் பதிலில் சொன்னேனே, தபால்காரர், நீலக் கேட். அந்த அம்மாவின் பெயரை நாங்கள் சொல்லவில்லை. தெருவின் பெயரையும் சொல்லவில்லை. எல்லாம் சரியாகத்தான் செய்தோம் என்று நினைத்தோம். ஒலிபரப்பான மறுநாள் அவர் மகள் நிலையத்துக்கு வந்தார். "அந்தத் தெருவில் நீலக் கேட் ஒன்றுதான்" என்றார். அம்மாவுக்கு ஏன் கடிதம் வரவில்லை, பிள்ளைகள் ஏன் எழுதவில்லை என்று அக்கம்பக்கத்தில் கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம். "நான் வாரா வாரம் நேர்ல வருவேன் மேடம். எழுத வேண்டிய அவசியமே இல்லை. அம்மா காத்திருந்தது எங்களுக்காக இல்லை, இறந்துபோன அவங்க அக்காவோட கடிதத்துக்கு. அவங்களுக்கு நினைவு தப்பிப்போயிருந்துச்சு."

எங்களுக்குக் கிடைத்த கதை பாதிதான். தபால்காரருக்கும் அவ்வளவுதான் தெரியும். மகளிடம் ஒரு போன் செய்திருந்தால் முழுவதும் கிடைத்திருக்கும். நான் செய்யவில்லை. பாதியே அவ்வளவு அழகாக இருந்ததுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. அவர் சம்மதித்ததும், அடுத்த வாரம் அவரையே பேசவைத்தோம். அவர் தன் குரலில் சொன்னது, தபால்காரர் சொன்னதைவிட நன்றாக இருந்தது. ஆனால் முதல் வாரம் கேட்டவர்கள் எல்லோரும் இரண்டாம் வாரமும் கேட்டிருப்பார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அதிலிருந்து, பெயரை எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்ததில்லை. "இதை அந்தத் தெருக்காரர் ஒருவர் கேட்டால் யார் என்று தெரியுமா?" என்று கேட்டுக்கொள்வோம். தெரியும் என்றால் அந்த நபருக்கு ஒரு போன். தயாரிப்புத் தாளில் விருந்தினர் பெயருக்குக் கீழே, 'கதைக்குள் வருகிறவர்கள்' என்று தனிக் கட்டமே போட்டோம்.

*கேள்வி: ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு எவ்வளவு நேர உழைப்பு? – குடும்பத்தலைவி ஒருவர்*

பதில்: எங்களுக்குச் செய்தி போக 54 நிமிடம். அதில் பதிவு செய்த கதை 18 நிமிடம், மீதி நேரலைப் பேச்சும் அழைப்புகளும். அந்த 18 நிமிடத்துக்கு ஒன்றரை மணி நேரப் பதிவு, அதை எழுத்தில் இறக்க ஒரு நாள், வெட்ட இரண்டு நாள், சரிபார்க்கும் போன்களுக்கு அரை நாள். அப்புறம் கடைசி நிமிடத்தைக் கடிகாரத்தோடு பொருத்துவதற்காக, முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடும் வேலை. நிகழ்ச்சி சரியாக எத்தனை மணி, எத்தனை நிமிடம், எத்தனை விநாடியில் முடிய வேண்டும் என்று தாளின் அடியில் எழுதி, மேல்நோக்கிக் கழித்துக்கொண்டே போக வேண்டும். வீட்டுக் கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு இது சுலபமாக வரும். எங்கள் நிலையத்தில் இதில் சூரர், கணக்கு எழுத வந்த ஒரு தன்னார்வலர்.

*கேள்வி: எனக்குக் கரகர குரல். வானொலிக்கு லாயக்கில்லை என்கிறார்கள். – பெயர் வேண்டாம் என்பவர்*

பதில்: யார் சொன்னது? நாலு வாரம் கேட்டால் அதுதான் உங்கள் அடையாளம். உச்சரிப்பு தெளிவாக இருக்கட்டும், எதிரில் இருப்பவர் முடிக்கும்வரை காத்திருக்கத் தெரிந்திருக்கட்டும். இனிய குரலுக்காக நாங்கள் தேர்ந்தெடுத்த ஒருவர், விருந்தினரின் ஒவ்வொரு வாக்கியத்தையும் தானே முடித்துவைப்பார். மூன்றே மாதத்தில் அனுப்பிவிட்டோம்.

*கேள்வி: இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்கு முன்னோடி என்று எதையாவது சொல்ல முடியுமா? – வானொலி ரசிகர்*

பதில்: சாதாரண மனிதர்களின் குரலை அப்படியே ஒலிபரப்பலாம் என்பதே ஒரு காலத்தில் புதுமைதான். தொழிலாளர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு வந்து, நடிகர்களை வைத்துப் படிக்கவைத்த வழக்கம் இருந்தது. தூக்கிச் செல்லக்கூடிய டேப் ரெக்கார்டர் வந்ததும் அது ஆட்டம் கண்டது. 1958இல் பிபிசி, விபத்தில் இறந்த ஜான் ஆக்ஸன் என்ற ரயில் ஓட்டுநரைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்தது. தயாரிப்பாளர் சார்லஸ் பார்க்கர். ஆக்ஸனின் மனைவியும் சக தொழிலாளர்களும் பேசியதைப் பாடல்களுக்கு நடுவே அவர்கள் குரலிலேயே வைத்தார்கள். நடிகர் யாரும் தேவைப்படவில்லை.

2003இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில், டேவ் ஐசே என்ற வானொலித் தயாரிப்பாளர் ஒரு சின்னப் பதிவுக் கூண்டை வைத்தார். ஸ்டோரிகார்ப்ஸ் என்று பெயர். ஒருவரையொருவர் அறிந்த இரண்டு பேர் உள்ளே போய் 40 நிமிடம் பேச வேண்டும். அம்மாவும் மகனும், பழைய நண்பர்கள், இப்படி. ஸ்டோரிகார்ப்ஸ் ஆள் ஒருவர் உடன் இருப்பார், ஆனால் கேள்வி கேட்பது பெரும்பாலும் அவர்களேதான். சம்மதித்தால் ஒரு பிரதி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போகும். சிறு பகுதிகள் என்பிஆர் என்ற அமெரிக்கப் பொது வானொலியில் வரும். இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. நான் வருடக்கணக்கில் கேள்வி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்! மறு மாதமே நானும் முயன்றேன். ஒரு அப்பாவும் மகளும். முதல் கால் மணி நேரம் வீட்டு மின்கட்டணத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். அதிலிருந்து 4 நிமிடம் ஒலிபரப்பினோம், நேயர்களிடமிருந்து அவ்வளவு கடிதம்.

*கேள்வி: நன்கொடை கொடுக்கிற ஒரு பெரியவர், தன்னைப் பற்றியே ஒரு நிகழ்ச்சி வேண்டும் என்கிறார். – நிலையத்தின் பெயர் வேண்டாம்*

பதில்: பொது வானொலிக்குப் பணம் எப்போதும் ஆட்டம்தான். அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட மத்திய நிதியையே 2025இல் நிறுத்திவிட்டார்கள். சின்ன நிலையங்கள் நேயர்களின் கையைத்தான் பார்க்கின்றன. அதனால் அவரை விரட்டாதீர்கள். கூப்பிட்டு உட்காரவைத்து, மற்றவர்களைக் கேட்கிற மாதிரியே கேளுங்கள்: முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார், யாரிடம் கடன் பட்டிருக்கிறார், எந்தக் கேட்டைத் திறக்கக் கஷ்டம். கதை இருந்தால் போடுங்கள், நன்கொடையாளர் என்பதை ஒலிபரப்பிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், நன்றி அறிவிப்பில் பெயர் வரும் என்று சொல்லி அனுப்பிவையுங்கள். எங்களிடம் அப்படி வந்த ஒருவர், தான் திக்கித் திக்கிப் பேசிய பள்ளிக்கால நாட்களைப் பற்றிச் சொன்னார். அந்த வருடத்தின் நல்ல நிகழ்ச்சிகளில் அது ஒன்று. தன் நிறுவனத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

*கேள்வி: அத்தனை பேரைப் பேசவைத்தீர்களே, நீங்கள் எப்போதாவது விருந்தினராக உட்கார்ந்ததுண்டா, அக்கா? – ஒரு தங்கை*

பதில்: ஒரே ஒருமுறை. ஓய்வுபெற்ற வாரம். என்னிடம் பயிற்சிக்கு வந்து, அப்புறம் என் நாற்காலிக்கே வந்துவிட்ட பெண்தான் தயாரிப்பு. போனில் 20 நிமிடம் பேசினாள். சூடுபிடித்த இடத்தில், "இதை ஸ்டூடியோவில் கேட்டுக்கறேன் மேடம்" என்று நிறுத்தினாள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. உள்ளே போனால் சிவப்பு விளக்கு எரியவில்லை. மேசையில் துணி விரித்திருந்தது. கேள்வித்தாளை என் கண்ணெதிரே மடித்துப் பைக்குள் வைத்தாள். எல்லாம் எதற்கு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தொண்டை காய்ந்துபோனது. என்ன கேட்டாள் என்பதே முதல் பத்து நிமிடம் மண்டையில் ஏறவில்லை. மக்கள் சேவை, சக ஊழியர்களின் ஒத்துழைப்பு என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஹெட்ஃபோனில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"மேடம், அந்தப் பேனாவைக் கொஞ்சம் கீழே வைங்க."